விற்க முடியாத ஆப்ஷன்: வேலையிடம் தரும் பங்கு உரிமையும் சந்தையில் ஓடும் உரிமையும்

மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் முடியும்வரை, மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயில் என் வீட்டு வாசலில் செருப்புகள் கூடிவிடும். கணக்குப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் என்பதால், அக்கம்பக்கத்து ஆட்கள் இ.ஏ. பாரத்தை (முதலாளி தரும் ஆண்டுச் சம்பளக் கணக்கை) எடுத்துக்கொண்டு வருமான வரிக் கணக்கு நிரப்ப வருவார்கள். முன்பெல்லாம் வந்தவர்கள் தோட்டத்துக் கிராணிகள், ஆசிரியர்கள், லாரி வைத்திருப்பவர்கள். இப்போது பாதிப் பேர் கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை செய்யும் பிள்ளைகள். அப்பா செம்பனைக் குலை வெட்டியவர், மகன் சிப் தொழிற்சாலையில் இன்ஜினியர். 1996இல் அந்தப் பார்க் திறந்த பிறகு எங்கள் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களில் நான் பார்த்த பெரிய மாற்றம் இதுதான்.

போன வாரம் ஒரு தம்பி வந்தான். இ.ஏ. பாரத்தோடு இன்னொரு கடிதமும் வைத்திருந்தான். அவன் வேலை செய்வது பர்சாவில், அதாவது நம் நாட்டுப் பங்குச் சந்தையில், பட்டியலிடப்பட்ட ஒரு கம்பெனி. இ.எஸ்.ஓ.எஸ் என்ற ஊழியர் பங்கு ஆப்ஷன் திட்டத்தில் அவனுக்கு 10,000 ஆப்ஷன் கொடுத்திருந்தார்கள். ஒரு பங்கு 1.80 வெள்ளி (ரிங்கிட்) விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமை அது. முதல் ஆண்டு முடிவில் 4,000, அடுத்த இரண்டு ஆண்டுகளில் மூவாயிரம் மூவாயிரமாகக் கைக்கு வரும், அதாவது அதன் பிறகுதான் பயன்படுத்த முடியும்.

"அக்கா, ரெண்டு பேர் ரெண்டு கணக்கு சொல்றாங்க" என்றான். கூட வேலை செய்யும் ஒருவர், பங்கு விலை 2.30, உன்னிடம் 10,000 இருக்கிறது, ஆகவே 23,000 வெள்ளி என்றாராம். இன்னொருவர் கைபேசியில் பர்சா விலையைக் காட்டி, இதே கம்பெனி பேரில் கால் வாரண்ட் (பங்கை வாங்கும் உரிமைச் சீட்டு) ஒன்று 6 சென்னுக்கு (100 சென் ஒரு வெள்ளி) ஓடுகிறது, அப்படியானால் உன்னுடையது வெறும் 600 வெள்ளி என்றாராம்.

இரண்டுமே தப்பு. முதல் கணக்கில், பங்கை வாங்க அவன் கட்ட வேண்டிய 1.80 விட்டுப்போயிற்று. இரண்டாவது கணக்குத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. ஆப்ஷன் என்ற ஒரே பேரில் புழங்கும் இரண்டு வேறு பொருள்களை அது ஒன்றாக்கிவிடுகிறது.

சந்தையில் ஓடுவது என்ன?

ஆப்ஷன் என்றால் ஓர் உரிமை. குறித்த விலைக்கு, குறித்த நாளுக்குள், ஒரு பொருளை வாங்கவோ விற்கவோ செய்யலாம். செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. இந்த உரிமைக்கு ஒரு விலை உண்டு. அதைப் பிரீமியம் என்பார்கள்.

பங்குகளின் மேல் இப்படிப்பட்ட உரிமைகளை ஒரே அளவு, ஒரே முடிவுத் தேதி என்று வரையறுத்து விற்கும் முறையான சந்தை, 1973 ஏப்ரல் 26ஆம் தேதி சிகாகோவில் திறந்தது. முதல் நாள் 16 கம்பெனிகளின் பங்குகள் மேல், வாங்கும் உரிமை மட்டுமே விற்பனைக்கு இருந்தது. விற்கும் உரிமை 1977இல்தான் வந்தது. அதே 1973இல்தான் பிளாக், ஷோல்ஸ் இருவரும் ஆப்ஷனுக்கு விலை போடும் சூத்திரத்தை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு கான்டிராக்ட் பொதுவாக 100 பங்குகளுக்கு. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் ஒரு கிளியரிங் அமைப்பு நின்று, எதிராளி கைவிரித்தாலும் பணம் வந்து சேரும்படி பொறுப்பேற்கிறது.

இது நம் ஊருக்கு எட்டாத சங்கதி அல்ல. காலையில் எங்கள் தெருவைத் தாண்டி மில்லுக்குப் போகிற லாரியில் இருக்கிற செம்பனைக் குலையிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கு, 1980 முதல் கோலாலம்பூரில் முன்பேர வணிகம் (பின்னொரு நாளில் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசுவது) நடக்கிறது. ஒரு கான்டிராக்ட் 25 டன். அந்தக் கான்டிராக்ட் மேல் ஆப்ஷன் 2012இல் வந்தது. பங்குகளைப் பொறுத்தவரை, சாதாரண முதலீட்டாளர் நம் நாட்டில் பார்ப்பது முதலீட்டு வங்கிகள் வெளியிடும் கால் வாரண்ட் (வாங்கும் உரிமை), புட் வாரண்ட்தான் (விற்கும் உரிமை).

அந்தத் தம்பி காட்டிய வாரண்டையே எடுத்துக்கொள்வோம். குறித்த விலை 2.20. ஐந்து வாரண்ட் சேர்ந்தால்தான் ஒரு பங்குக்குச் சமம். இன்னும் ஆறு மாதம் உயிர் இருக்கிறது. 6 சென் வீதம் ஐந்து வாரண்டுக்கு 30 சென். கம்பெனியின் பங்கு 2.30இல் இருப்பதால், குறித்த விலையைவிட 10 சென் அதிகம். மீதி 20 சென்? அதுதான் காலத்தின் விலை. ஆறு மாதத்துக்குள் பங்கு இன்னும் ஏறலாம் என்ற வாய்ப்புக்குக் கொடுக்கிற காசு. ஆக, அந்த 6 சென் ஐந்தில் ஒரு பங்குக்கானது, வேறொரு குறித்த விலைக்கானது, வேறொரு முடிவுத் தேதிக்கானது. அதைப் பத்தாயிரத்தால் பெருக்கியதில் அர்த்தமே இல்லை.

சரி, அளவையும் விலையையும் தேதியையும் ஒன்றாக்கிவிட்டால் இரண்டும் ஒரே பொருளாகிவிடுமா என்றால், அதுவும் ஆகாது.

கைமாற்ற முடியாது என்ற ஒரு வரி

வாரண்டைத் திங்கட்கிழமை காலை வாங்கி அன்று மாலையே விற்கலாம். பங்கை வாங்கவே வேண்டியதில்லை. பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். தம்பியின் கடிதத்திலோ, இந்த உரிமையை மற்றவருக்கு விற்கவோ, மாற்றிக் கொடுக்கவோ, அடகு வைக்கவோ கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. இப்படிப்பட்ட கடிதம் எதைப் பிரித்தாலும் அநேகமாக அந்த வரி இருக்கும். மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து கிளைத்தவை என்பது என் எண்ணம்.

அந்தக் காலத்தில் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) ஆட்கள் கூட்டு கட்டினார்கள், மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டு. 1971இல் சட்டம் தடுத்துவிட்ட சங்கதிதான் அது. ஆனால் அதில்கூட, பிள்ளைக்குக் கல்யாணம், பெரியவருக்கு வைத்தியச் செலவு என்று வந்தால், உன் முறையை எனக்குக் கொடு என்று கேட்டு வாங்கிக்கொள்ள முடிந்தது. இ.எஸ்.ஓ.எஸ்ஸில் அந்த வழி கிடையாது. காசு வேண்டுமென்றால் உரிமையைப் பயன்படுத்திப் பங்கை வாங்கி, பங்கைத்தான் விற்க வேண்டும்.

அதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எண்ணாகவே காட்டுகிறேன். தம்பியின் ஆப்ஷனுக்கு இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது. பங்கு 2.30, குறித்த விலை 1.80. இன்றே பயன்படுத்தினால் பங்குக்கு 50 சென் லாபம். இதே உரிமை சந்தையில் விற்கக்கூடியதாக இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும்? வட்டி ஆண்டுக்கு 3.5 விழுக்காடு, பங்கு விலையின் ஏற்ற இறக்கம் 35 விழுக்காடு, டிவிடெண்ட் (கம்பெனி பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் லாபம்) இல்லை என்று வைத்துக்கொண்டு பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தில் போட்டால் ஏறக்குறைய 97 சென் வருகிறது. அவசரத்துக்குப் பயன்படுத்தினால் கைக்குக் கிடைப்பது அதில் பாதிதான். மீதி 47 சென் அவன் கைக்கு வருவதே இல்லை. டிவிடெண்ட் தராத பங்கின் மேல் உள்ள வாங்கும் உரிமையை முடிவுத் தேதிக்கு முன்னால் பயன்படுத்துவதைவிட விற்பதே மேல் என்பது ஆப்ஷன் பாடத்தின் பழைய விதி. விற்க முடியாத ஊழியர்கள் அந்த விதிக்கு எதிராகத்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அதை அறியாமை என்று சொல்வது சரியல்ல. அவர்கள் கையில் இருக்கும் வழி அது ஒன்றுதான்.

விற்க முடிந்தால் நிலைமை எப்படி மாறும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2007இல் கூகுள் தன் ஊழியர்கள் கைக்கு வந்த ஆப்ஷன்களை ஏலமுறையில் நிதி நிறுவனங்களுக்கு விற்க வழி செய்தது. நிறுவனங்கள் காலத்தின் விலையையும் சேர்த்தே கேட்டன. ஆனால் அப்படிப்பட்ட ஏற்பாடு அபூர்வம்.

விற்க முடியாத பங்கு என்றால் என்ன என்பதை நம் ஆட்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1980களில் ம.இ.கா. கட்சி தொடங்கிய முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸின் பங்குகளைத் தோட்டங்களில் ஏராளமானோர் வாங்கினார்கள். அது பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. 2010இல் ஒரு தனியார் நிறுவனம் பங்குக்கு 80 சென் தருவதாக முன்வந்தபோதுதான் பலருக்கு வெளியே வர ஒரு வாசல் திறந்தது. ஒரு சொத்தின் மதிப்பு ஒன்று, அதைக் காசாக்கும் வழி இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுப் பழக வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் யார்?

சந்தை ஆப்ஷனில் ஒருவர் லாபம் இன்னொருவர் நஷ்டம். கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பணம் இரண்டு வெளியாட்களுக்கு நடுவே போய்வருகிறது. நம் ஊர் வாரண்ட்டில் எதிர்ப்பக்கத்தில் இருப்பது வெளியிட்ட வங்கி. இ.எஸ்.ஓ.எஸ்ஸில் கம்பெனியே எதிர்ப்பக்கம். ஊழியர் 1.80 கட்டும்போது, பொதுவாகக் கம்பெனி புதிதாகப் பங்கு வெளியிட்டுக் கொடுக்கிறது. அந்தக் காசு கம்பெனிக்குப் போகிறது. மொத்தப் பங்குகள் கூடுவதால் பழைய பங்குதாரர்களின் பாகம் கொஞ்சம் கரைகிறது. தேத்தண்ணியில் தண்ணீர் கலப்பது போலத்தான். ஒரு கரண்டி என்றால் தெரியாது, ஒரு குவளை என்றால் தெரியும்.

அதற்காகத்தான் பர்சா விதிகள் எல்லை போட்டிருக்கின்றன. இப்படிப்பட்ட திட்டங்களில் வெளியிடும் பங்குகள் எந்த நேரத்திலும் மொத்தப் பங்குகளில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. குறித்த விலை, அதற்கு முந்தைய ஐந்து நாள் சராசரிச் சந்தை விலையிலிருந்து 10 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. தம்பியின் 1.80 எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரியும்: சராசரி விலை 2 வெள்ளியாக இருந்திருக்கிறது, அதிகபட்சத் தள்ளுபடி கொடுத்திருக்கிறார்கள். அந்த வகையில் நல்ல கம்பெனிதான்.

இந்தச் செலவு நெடுங்காலம் கணக்குப் புத்தகத்தில் வராமலேயே இருந்தது. இப்போது எம்.எஃப்.ஆர்.எஸ் 2 என்ற கணக்கியல் நெறிப்படி, ஆப்ஷன் கொடுத்த நாளின் மதிப்பை ஊழியர் உழைக்கும் காலம் முழுவதும் பரப்பிச் செலவாகக் காட்ட வேண்டும். அந்த மதிப்பைப் போடும்போது கடிதத்தில் உள்ள முழு ஆயுளை எடுப்பதில்லை. ஊழியர்கள் சீக்கிரமே பயன்படுத்திவிடுவார்கள் என்று கணித்து ஆயுளைக் குறைத்துப் போடுகிறார்கள். விற்க முடியாத பொருளின் மதிப்பு குறைவு என்று கணக்காளர்களே ஒப்புக்கொள்ளும் இடம் அது.

உழைப்பே பிரீமியம்

வாரண்ட் வாங்கியவர் காசு கொடுத்தார், உரிமை அந்த நிமிடமே அவருடையது. நாளைக்கு அவர் வேலையை விட்டாலும், ஊரை விட்டாலும் அது அவருடையதுதான். இ.எஸ்.ஓ.எஸ்ஸில் பிரீமியம் என்பது இத்தனை நாள் இங்கே இரு என்ற நிபந்தனை. கைக்கு வராத ஆப்ஷன், வேலையை விட்டால் போய்விடும். இது பலருக்குத் தெரியும்.

தெரியாதது இன்னொன்று. கைக்கு வந்துவிட்ட ஆப்ஷனும் போய்விடலாம். அமெரிக்கக் கம்பெனிகளில் வேலையை விட்ட பிறகு 90 நாள் அவகாசம் கொடுப்பது வழக்கம். நம் நாட்டுத் திட்டங்கள் பலவற்றில் அந்த அவகாசமே இல்லை. ராஜினாமா செய்தால், பயன்படுத்தாமல் வைத்திருக்கும் அத்தனையும் அன்றோடு காலாவதி. பணி ஓய்வு, உடல்நலக் குறைவு, ஆட்குறைப்பு போன்ற காரணங்களுக்கு திட்டத்தை நடத்தும் கம்பெனியின் ஆப்ஷன் குழு விருப்பப்பட்டால் சலுகை தரலாம். சில ஆண்டுகளுக்கு முன் லூனாஸ் பக்கத்துப் பெண் ஒருத்தி, மூன்று வருடம் காத்திருந்து கைக்கு வந்த ஆப்ஷன்களை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு வேலை மாறினாள். கடைசிச் சம்பளத்தோடு சேர்த்துக் கேட்டபோதுதான் எல்லாம் காலாவதியான விஷயம் அவளுக்குத் தெரிந்தது. அன்று அவள் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்குப் பாதிக் காரணம் அவள்தான்.

பயன்படுத்துவதற்குக் கைக்காசு வேண்டும் என்பதும் சின்ன விஷயம் இல்லை. 4,000 பங்குக்கு 1.80 வீதம் 7,200 வெள்ளி. அன்றே விற்று அந்தப் பணத்திலேயே கழித்துக்கொள்ள சில திட்டங்கள் வழி வைத்திருக்கின்றன. இல்லையென்றால் கடன் அல்லது நகை.

வரி

சந்தையில் வாரண்ட் வாங்கி எப்போதாவது விற்று வரும் லாபத்துக்குச் சாதாரணத் தனிநபர் பொதுவாக வரி கட்டுவதில்லை. அதையே தொழிலாகச் செய்தால் கதை வேறு. இ.எஸ்.ஓ.எஸ் லாபமோ சம்பளத்தின் ஒரு பகுதி. உரிமையைப் பயன்படுத்திய ஆண்டில் அது வருமானத்தோடு சேரும். கணக்கிடும் முறை நமக்குக் கொஞ்சம் சாதகமானது: ஆப்ஷன் கைக்கு வந்த நாளின் பங்கு விலை, பயன்படுத்திய நாளின் விலை, இரண்டில் எது குறைவோ அதிலிருந்து நீங்கள் கட்டிய விலையைக் கழிக்க வேண்டும்.

தம்பிக்கு முதல் 4,000 கைக்கு வந்த நாளில் விலை 2.10. இன்று 2.30இல் பயன்படுத்தினால், உண்மை லாபம் பங்குக்கு 50 சென், மொத்தம் 2,000 வெள்ளி. வரிக்கு எடுத்துக்கொள்வது 30 சென்தான், 1,200 வெள்ளி. விலை 1.95க்கு இறங்கியபின் பயன்படுத்தினால் 15 சென், 600 வெள்ளி. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. இன்று பயன்படுத்தி, பங்கை விற்காமல் வைத்திருந்து, அது 1.50க்கு விழுந்தாலும் அந்த 1,200 வெள்ளி வருமானக் கணக்கில் அப்படியே நிற்கும். கையில் நஷ்டம், காகிதத்தில் வருமானம். வெளிநாட்டுத் தாய்க் கம்பெனி கொடுத்த பங்குக்கும், இங்கே செய்த வேலைக்காகக் கொடுத்தது என்றால், வரி உண்டு. இ.ஏ. பாரத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்ற கட்டங்களை நிரப்புங்கள்.

ஹைடெக் பார்க்கிலுள்ள வெளிநாட்டுக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள், தங்களிடம் இருப்பது ஆப்ஷன்தானா என்றும் பார்க்க வேண்டும். பல இடங்களில் இப்போது கொடுப்பது ஆர்.எஸ்.யூ, அதாவது காலம் வந்ததும் பங்கே நேரடியாகக் கைக்கு வரும். மைக்ரோசாப்ட் 2003இல் ஆப்ஷனை நிறுத்தி அந்தப் பக்கம் போனது. விலை இறங்கினாலும் ஆர்.எஸ்.யூவுக்கு ஏதாவது மதிப்பு மிஞ்சும். குறித்த விலைக்குக் கீழே பங்கு போனால் ஆப்ஷன் வெறும் காகிதம்.

ஒரே தூண்

வாரண்ட் வாங்கியவர் பயந்தால் விற்றுவிடலாம், அல்லது எதிர்த்திசை வாரண்ட் வாங்கித் தடுப்பு வைக்கலாம். ஊழியர் தன் கம்பெனிப் பங்கு மேல் அப்படித் தடுப்பு வைப்பதைப் பல நிறுவனங்கள் விதி போட்டே தடுக்கின்றன. உள்தகவல் தெரிந்து வியாபாரம் செய்தால் சட்டமும் பாயும்.

ஆகவே சம்பளம், மாதாமாதம் கட்டும் சேமநிதிச் சந்தா, ஆப்ஷன் எல்லாம் ஒரே கம்பெனியின் மேல் நிற்கிறது. எங்கள் அப்பா தலைமுறைக்கு இது புரியும். பெரிய தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்தபோது வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் ஆட்டம் கண்டன. இரண்டுக்கும் தூண் ஒன்றாக இருந்ததுதான் காரணம். 1960இல் ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதாமாதம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க முனைந்தது அந்தப் பயத்திலிருந்துதான். ஆப்ஷனில் வந்த பங்கை என்றைக்குமாக வைத்திருக்க வேண்டும் என்ற பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கைக்கு வந்ததில் ஒரு பகுதியையாவது விற்று வேறு இடத்தில் வைக்கச் சொல்லித்தான் என்னிடம் வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தோடு கம்பெனியின் பை-லாஸ் (திட்ட விதிகள்) கோப்பும் அவன் கைபேசியில் இருந்தது. நாற்பது பக்கத்துக்கு மேல். அதுவரை திறந்ததே இல்லை. வேலை நீக்கம் என்ற பகுதியைத் தேடினோம். நான் எதிர்பார்த்தது கடைசி வேலை நாளோடு காலாவதி என்று. இவர்கள் எழுதியிருந்தது வேறு: ராஜினாமா நோட்டீஸ் கொடுத்த நாளிலேயே காலாவதி. ஒரே சொல் வித்தியாசம், இரண்டு மாத இடைவெளி.

அவன் அந்த வரியை இரண்டு முறை படித்தான். பிறகுதான் பினாங்கில் வேறு வேலை கிடைத்திருப்பதைச் சொன்னான். கைக்கு வந்த 4,000 அப்படியே இருக்கிறது. அடுத்த 3,000 மே 22ஆம் தேதி வருகிறது. சுவரில் மாட்டியிருந்த மளிகைக் கடைக் காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிட்டேன். பயன்படுத்தும் பாரம் கொடுத்து, பங்கு கணக்கில் ஏற எத்தனை நாளாகும் என்று கம்பெனியில் கேட்டு, அந்த நாளையும் குறிக்கச் சொன்னேன்.

"நோட்டீஸ் எப்ப குடுக்கறதா இருந்த?" என்று கேட்டேன்.

"நாளைக்கு, அக்கா" என்றான். ராஜினாமா கடிதம் கைபேசியில் தயாராக இருந்தது. அதைத் திறந்து, மேலே போட்டிருந்த தேதியை அழித்தான்.